புதுப்பித்த எம்ஜிபி அடம்பிடித்தால்: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

எம்ஜிபி என்ற இந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் சிக்கலான வண்டி இல்லை. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில், ஆக்ஸ்ஃபர்டுக்குத் தெற்கே உள்ள ஆபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். 1798 சிசி, நாலு சிலிண்டர் பி-சீரிஸ் எஞ்சின். பெரும்பாலானவற்றில் இரட்டை எஸ்யு கார்புரேட்டர். அமெரிக்காவுக்குப் போன கடைசி சில வருட வண்டிகளில் மட்டும் ஒற்றை ஜெனித். கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் கிடையாது. உதிரிபாகமும் பிரச்சினை இல்லை. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் பழைய அச்சுகளைத் தேடியெடுத்து 1988 முதல் முழு பாடியையே புதிதாக அடித்துக் கொடுக்கிறது. அதனால்தான் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் புதுப்பிக்க ஆசைப்படுகிறவர்களில் பலர் இதில் வந்து நிற்கிறார்கள்.

ஆனால் ஓடி ஓடித் தேய்ந்த வண்டி கெடுவது ஒரு விதம், புதுப்பித்த வண்டி கெடுவது வேறு விதம். எர்த் (கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) பிடிக்க வேண்டிய இடத்தில் அழகாகப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். இடது பக்கப் பாகம் வலது பக்கம் ஏறியிருக்கும். பல வருடம் உழைத்த ஒரிஜினல் பாகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, மலிவாகக் கிடைத்த புதுசை மாட்டியிருப்பார்கள். ஆகவே என்ன அறிகுறி வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: கடைசியாக எதில் கை வைத்தோம்? கீழே உள்ள எல்லாமே அந்தக் கேள்வியிலிருந்து கிளம்புவதுதான்.

கையில் ஒரு டெஸ்ட் லேம்ப், மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ், இரண்டு பக்கமும் கிளிப் வைத்த நீள வயர் ஒன்று இருந்தால் போதும். கூடவே தீயணைப்பான். இந்த எஞ்சினில் கார்புரேட்டரும் எக்சாஸ்டும் ஒரே பக்கம், ஒன்றுக்கு மேல் ஒன்று. பெட்ரோல் ஒழுகினால் நேராகச் சூட்டின் மேல்தான் விழும்.

இன்னொன்று. 1967 கடைசி வரை வந்த வண்டிகள் பாசிட்டிவ் எர்த். அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு சேரும். அதற்குப் பிறகு டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது, நெகட்டிவ் எர்த் ஆனது. நடுவில் வாங்கியவர்கள் பலர் பழைய வண்டியையும் மாற்றிவிட்டிருப்பார்கள். அதனால் வருடத்தை நம்பாதீர்கள். சார்ஜரோ ஜம்ப் கேபிளோ மாட்டும் முன், எந்த முனை பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பாருங்கள்.

செல்ஃப் அடித்தால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்

பேட்டரி இறங்கியிருக்கலாம். அதை முதலில் தள்ளுபடி செய்யுங்கள்: ஓய்வில் 12.5 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறதா, செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழே போகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். 1974 வாக்கு வரை வந்த வண்டிகளில் சீட்டுக்குப் பின்னால், தரைக்கு அடியில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு 6 வோல்ட் பேட்டரி இருக்கும். இரண்டையும் இணைக்கும் கேபிளின் முனைகள் கண்ணில் படாத இடத்தில் உப்புப் பூத்துக் கிடக்கும். கையை விட்டு ஆட்டிப் பாருங்கள்.

பேட்டரி சரி என்றால், புதுப்பித்த வண்டியில் பத்துக்கு எட்டு முறை குற்றவாளி எர்த்தான். எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கின்றன. செல்ஃப் மோட்டாருக்குப் போகும் அவ்வளவு கரண்டும் பாடிக்குத் திரும்புவதற்கு ஒரே ஒரு பட்டைதான். வருடத்தைப் பொறுத்து அது கியர்பாக்ஸ் பக்கமோ முன் எஞ்சின் மவுண்ட் பக்கமோ இருக்கும். அதை மாட்ட மறந்துவிட்டாலோ, போல்ட்டுக்கு அடியில் பெயிண்ட் இருந்தாலோ, கரண்ட் சும்மா இருக்காது. வேறு வழி தேடும். எஞ்சினையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருக்கும் அடுத்த உலோகம் சோக் கேபிளும் ஆக்சிலரேட்டர் கேபிளும்தான்.

இதை ஒரு முறை பக்கத்தில் நின்று பார்த்தால் மறக்காது. செல்ஃப் அடிக்க அடிக்க டாஷ்போர்டுக்குக் கீழே லேசாகப் பிளாஸ்டிக் தீயும் வாடை. பானெட்டைத் திறந்து சோக் கேபிளின் மேலுறையைத் தொட்டால் கை சுடும். இரண்டு மூன்று முறை விடாமல் அடித்தால் உறை உருகி, உள்ளே கம்பி ஒட்டிக்கொண்டு, சோக் வெளியே இழுத்த நிலையில் நின்றுவிடும். "புது சோக் கேபிளே சரியில்லை" என்று சொல்லி இன்னொன்று வாங்கி மாட்டுகிறவர்கள் உண்டு. அதுவும் தீயும்.

உறுதி செய்ய ஐந்து நிமிடம் போதும். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையில் வையுங்கள், கேபிளின் மேல் இல்லை, முனையின் ஈயத்திலேயே. இன்னொன்றை எஞ்சின் பிளாக்கில் சுத்தமான உலோகத்தில் வையுங்கள். ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. இரண்டு, மூன்று வோல்ட் காட்டினால் வழியில் எங்கோ அடைப்பு. மீட்டரின் முனையை எஞ்சினிலிருந்து பட்டை, பட்டையிலிருந்து பாடி, பாடியிலிருந்து பேட்டரி கேபிள் என்று ஒவ்வொரு இணைப்பாக நகர்த்துங்கள். எங்கே அளவு சட்டென்று குறைகிறதோ அதற்கு முந்தைய இணைப்பைக் கழற்றி, உலோகம் தெரியும் வரை சுரண்டி, மாட்டி இறுக்கி, அதற்கு மேல் வாசலின் பூசுங்கள். பெயிண்ட் போகிறதே என்று மனசு கேட்காதுதான். வேறு வழி இல்லை.

செல்ஃப் மோட்டார் 'விர்' என்று தனியாகச் சுற்றி, எஞ்சின் அசையாமல் நின்றால் அது வேறு கதை. 1967 வரையிலான பழைய வகை மோட்டாரில் பல்சக்கரம் ஷாஃப்டில் ஓடி வந்து கடிக்க வேண்டும். ஷாஃப்டில் அழுக்கு சேர்ந்தால் வராது, சில நேரம் கடித்துக்கொண்டு போகவும் போகாது. சிக்கிக்கொண்டால் இக்னிஷனை ஆஃப் செய்து, டாப் கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் விடும். ஷாஃப்டைத் துடைத்து அப்படியே விடுங்கள். எண்ணெய் போட்டால் அழுக்கு மறுபடி ஒட்டும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

சாவியை இக்னிஷன் வரை திருப்பிவிட்டுக் காதைக் கொடுங்கள். வலது பின் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் எஸ்யு பெட்ரோல் பம்ப் 'டிக் டிக் டிக்' என்று சில நொடி அடித்து, கார்புரேட்டர் நிரம்பியதும் நிற்க வேண்டும். சத்தமே இல்லையா? வெள்ளை வயரில் கரண்ட் வருகிறதா, பம்ப்பின் எர்த் வயர் பாடியைப் பிடித்திருக்கிறதா என்று டெஸ்ட் லேம்பில் பாருங்கள். இரண்டும் இருந்தும் அடிக்கவில்லை என்றால் பம்ப்புக்குள் இருக்கும் பாயிண்ட் ஒட்டியிருக்கும். ஸ்பேனரின் கைப்பிடியால் லேசாக ஒரு தட்டு தட்டினால் எழுந்துகொள்ளும். வீடு போய்ச் சேர அது போதும், ஆனால் பம்ப்பின் நாள் எண்ணப்பட்டுவிட்டது. நிற்காமல் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால், டேங்க்கில் பெட்ரோல் இல்லை, அல்லது டேங்க்குக்கும் பம்ப்புக்கும் நடுவில் காற்று இழுக்கிறது, அல்லது கார்புரேட்டர் வழிந்துகொண்டிருக்கிறது.

பெட்ரோல் வருகிறது, பொறி இல்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றுங்கள். உள்ளே காயிலின் கரண்ட்டை விட்டு விட்டு வெட்டும் தொடுமுனைதான் பாயிண்ட். அதன் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வெள்ளை-கறுப்பு வயரின் முனையில், இக்னிஷன் ஆனில், வோல்ட் பாருங்கள். பாயிண்ட் திறந்திருக்கும்போது 12 வோல்ட், மூடியிருக்கும்போது ஏறக்குறைய சுழி. எப்போதும் 12 என்றால் பாயிண்ட் சேரவில்லை. புதுப் பாயிண்ட்டின் முகத்தில் துரு பிடிக்காமலிருக்க எண்ணெய்ப் படலம் பூசி அனுப்புவார்கள், பெட்ரோல் தொட்ட துணியால் துடைக்காமல் மாட்டினால் இதுதான் நடக்கும். எப்போதும் சுழி என்றால், பாயிண்ட்டைப் பிடிக்கும் நட்டுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் வாஷர் வரிசை மாறிவிட்டது. வயரும் கண்டென்சர் முனையும் ஸ்பிரிங்கைத் தொட வேண்டும், நடுவில் நிற்கும் ஆணியைத் தொடக் கூடாது.

பொறியும் உண்டு, பெட்ரோலும் உண்டு, ஆனால் கார்புரேட்டர் வழியாகப் படார் படார் என்று எகிறுகிறது. எஞ்சினைப் பிரித்துச் சேர்த்த வண்டியில் இது வந்தால் பிளக் ஒயர் மாறியிருக்கிறது. பொறி விழும் வரிசை 1-3-4-2, ரோட்டர் சுற்றுவது கடிகாரத்துக்கு எதிர்த்திசை. டைமிங் குறி சேரும்போது நாலாவது சிலிண்டரின் இரண்டு வால்வும் ஆட்டம் காட்டினால் முதலாவது சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் ரோட்டர் பார்க்கும் முனைதான் ஒன்றாம் நம்பர்.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றுவிடுகிறது, ஆறினால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது

மனிதனை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். பெட்ரோலா, கரண்ட்டா என்று தெரியாமல் காயில், பம்ப், கார்புரேட்டர் என்று வரிசையாகப் பணத்தைக் கொட்டுவார்கள். உண்மையில் வண்டியே பதில் சொல்கிறது. ஆஃப் ஆகும் அந்த நொடியில், எஞ்சின் சுற்று வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டரின் முள்ளைப் பார்க்க வேண்டும்.

மின்சார டாக்கோமீட்டர் உள்ள வண்டிகளில், எஞ்சின் சுற்றுகிறதா என்பதை அந்த முள் நேரடியாக அறியாது. காயிலின் முதல்நிலைச் சுற்றில் கரண்ட் விட்டு விட்டுப் போவதைத்தான் எண்ணுகிறது. வண்டி கியரிலேயே உருண்டுகொண்டிருக்க, அதாவது எஞ்சின் சக்கரத்தால் சுற்றப்பட்டுக்கொண்டிருக்க, முள் மட்டும் சட்டென்று சுழிக்கு விழுந்தால் அந்தச் சுற்று அறுந்துவிட்டது. தேட வேண்டியது இக்னிஷன் சுவிட்ச், வெள்ளை வயர், காயில், பாயிண்ட், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சின்ன வயர், இவ்வளவுதான். எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து முள்ளும் மெதுவாக இறங்கினால் அந்தச் சுற்று நன்றாக இருக்கிறது. பெட்ரோலையோ, காயிலுக்கு அப்பால் இருக்கும் ரோட்டர், மூடி, பிளக் ஒயரையோ சந்தேகப்படுங்கள்.

முதல் வகையில் நான் மூன்றை வரிசையாகப் பார்ப்பேன். ஒன்று, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் தட்டோடு சேர்ந்து ஆடும் அந்தச் சின்ன வயர். மேலே துணி உறை நன்றாக இருக்கும், உள்ளே இழைகள் அறுந்திருக்கும். வேக்குவம் இழுத்துத் தட்டு நகரும்போது மட்டும் தொடர்பு விடும். இரண்டு, காயில். மல்டிமீட்டரில் முதல்நிலை முனைகளுக்கு நடுவே சுமார் 3 ஓம் காட்டுவது சாதாரணக் காயில். சுமார் 1.5 ஓம் காட்டுவது, வயரிங்கிலேயே ஒரு தடை கம்பி சேர்த்திருக்கும் ரப்பர் பம்பர் கால (1974 கடைசிக்குப் பிந்தைய) வண்டிகளுக்கானது. 'ஸ்போர்ட்ஸ் காயில்' என்று சிவப்பும் தங்கமுமாக ஒன்றை வாங்கி, 1.5 ஓம் காயிலைத் தடை இல்லாத வண்டியில் மாட்டினால் கரண்ட் இரட்டிப்பாகப் போகும். காயில் கொதிக்கும், பாயிண்ட் கருகும். மூன்று, இக்னிஷன் சுவிட்சின் பின்பக்க இணைப்பு. சாவிக் கொத்தின் கனத்தில் தளர்ந்திருக்கும்.

இரண்டாம் வகையில் முதல் சந்தேகம் ரோட்டர் ஆர்ம். பித்தளையைப் பிடிக்க ஆணி அடித்த மலிவு ரகங்களில், சூடானதும் பொறி அந்த ஆணி வழியாகக் கீழே ஷாஃப்டுக்குத் தாவிவிடும். ஆணி இல்லாமல் வார்த்த ரகத்தை வாங்குங்கள், விலை வித்தியாசம் ஒரு காபிக் காசு.

கண்டென்சர் இந்த இரண்டு வகைக்கும் நடுவில் நிற்கும் பேர்வழி. அது போனால் பாயிண்ட்டில் நீலப் பொறி பெரிதாகத் தெறிக்கும், பிளக்கில் பொறி மெலிந்துவிடும். புதுசாக வாங்கி டிக்கியில் போட்டிருப்பதே முதல் நாள் போய்விட்டதைப் பார்த்திருக்கிறேன். சாலையோரம் சோதிக்க எளிய வழி: வேறு ஒரு நல்ல கண்டென்சரின் உடலை எர்த்தில் வைத்து, அதன் வயரை காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்க முனையில் கிளிப் போட்டுவிடுங்கள். உள்ளே இருப்பதைக் கழற்ற வேண்டாம். வண்டி பிடித்துக்கொண்டால் அப்படியே வீட்டுக்கு ஓட்டி வரலாம். உள்ளே இருப்பது எர்த்தோடு ஒட்டிப் போயிருந்தால் மட்டும் இது பலிக்காது.

பெட்ரோல் பக்கம் என்றால், நின்றவுடன் போய் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் டேங்க்குக்கு மூச்சுவிட வழி இல்லை. காற்றோட்டம் இல்லாத மூடியைப் போட்டுவிட்டார்கள். அது இல்லையென்றால், கார்புரேட்டருக்கும் எக்சாஸ்ட்டுக்கும் நடுவில் வெப்பத் தடுப்புத் தகடு இருக்கிறதா, அதன் முதுகில் ஒட்டியிருந்த தடுப்பு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பழைய அட்டை ஆஸ்பெஸ்டாஸ். சுரண்டி எறிந்துவிட்டுத் தகட்டை மட்டும் பாலிஷ் போட்டு மாட்டியிருப்பார்கள். வேறு தடுப்புப் பொருள் ஒட்டியே ஆகவேண்டும். பழைய அட்டை இன்னும் இருந்தால் உலர்வாகச் சுரண்டாதீர்கள்.

ஐட்லிங் தள்ளாடுகிறது, மிதித்தால் திணறுகிறது

கார்புரேட்டரைத் தொடும் முன் வால்வு இடைவெளி, பாயிண்ட், டைமிங் மூன்றையும் சரிசெய்யுங்கள். வால்வு இடைவெளி குளிர்ந்த எஞ்சினில் 0.38 மி.மீ. எந்த வால்வைச் சரிசெய்ய எது திறந்திருக்க வேண்டும் என்று குழம்ப வேண்டாம். இரண்டின் எண்ணும் கூட்டினால் 9 வரவேண்டும். எட்டாவது முழுக்கத் திறந்திருந்தால் ஒன்றாவதைச் சரிசெய், ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவதை.

இப்போது எஸ்யு. மிதித்தவுடன் ஒரு நொடி செத்துப் பிழைக்கிறது என்றால், மேலே இருக்கும் கறுப்பு மூடியைத் திருகி எடுத்து டாஷ்பாட் என்ற எண்ணெய்க் குழியில் எண்ணெய் இருக்கிறதா பாருங்கள். உள்ளே தெரியும் பிஸ்டன் தண்டின் விளிம்புக்கு மேல் அரை அங்குலம் வரை எஞ்சின் ஆயில் இருந்தால் போதும். அப்புறம் ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். அடிவரை இறங்கி 'கிளக்' என்று மோத வேண்டும். மோதவில்லை என்றால் ஊசி ஜெட்டில் உரசுகிறது, ஜெட்டை நடுப்படுத்த வேண்டும்.

கலவை சரியா என்று பார்க்க எஞ்சின் நன்றாகச் சூடாகட்டும். கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் சின்ன ஊசியைத் தள்ளி பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் லேசாக ஏறி அப்படியே பழையபடி அடங்கினால் கச்சிதம். ஏறி ஏறியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். தடுமாறி ஆஃப் ஆகப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. எச்எஸ்4 வகையில் ஜெட் நட்டைக் கீழே இறக்கினால் பெட்ரோல் கூடும். எல்லாம் குழம்பிவிட்டால் முழுக்க மேலே ஏற்றி, 12 முகம், அதாவது இரண்டு முழுச் சுற்று இறக்கி அங்கிருந்து தொடங்குங்கள். இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காற்று இழுக்கிறதா என்பதற்குத் தனிக் கருவி உண்டு. எனக்கு ஒரு முழ ரப்பர் குழாயே போதும். ஒரு முனை காதில், இன்னொன்று கார்புரேட்டர் வாயில், இரண்டிலும் சீறல் ஒரே மாதிரி கேட்க வேண்டும்.

எவ்வளவு திருகினாலும் நிலைக்கவில்லை என்றால் திராட்டில் ஸ்பிண்டில் தேய்ந்து காற்று புகுகிறது. கையால் மேலும் கீழும் ஆட்டினால் தெரியும். கடைந்து புது புஷ் போடுவதைத் தவிர வேறு மருந்து இல்லை.

பெட்ரோல் வாசனையோ, கார்புரேட்டரின் வழிகுழாயில் சொட்டோ கண்டால் ஃப்ளோட் அறையின் ஊசி வால்வில் தூசி. புது டேங்க், புதுக் குழாய் போட்ட வண்டியில் இது கட்டாயம் ஒரு முறை வரும். ரப்பர் ஹோஸ்களையும் பாருங்கள். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் அதைத் தாங்காது, பிசுபிசுத்துப் பிளக்கும். எத்தனால் குறைவான சூப்பர் ரக பெட்ரோலைப் போடுங்கள், ஹோஸ் வாங்கும்போதும் எத்தனால் தாங்கும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள்.

வால்வு இடைவெளி அடிக்கடி குறைந்துகொண்டே வந்தால், எக்சாஸ்ட் வால்வு சீட்டுக்குள் புதைந்துகொண்டிருக்கிறது. 2000-இல் பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றதிலிருந்து பழைய ஹெட்டுகளுக்கு வந்த நோய் இது. கடினமான சீட் போட்ட ஹெட் என்றால் கவலை இல்லை. டாப்பெட் லேசாகச் சத்தம் போடுவது நல்லது, சத்தம் ஓய்ந்தால்தான் பயப்பட வேண்டும்.

சூடு ஏறுகிறது

புது ரேடியேட்டர் போட்டும் சூடானால் பிளாக்கைப் பாருங்கள். இந்த எஞ்சினில் தண்ணீர்ப் பாதையின் பின்பகுதியில் சேறும் துருவும் கெட்டியாகத் தங்கும். பிளாக்கின் வடிகால் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவேண்டும். ஒன்றும் வரவில்லையென்றால் கம்பி விட்டுக் குத்தி, எதிர்த்திசையில் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். அடுத்து டைமிங், தாமதமாக இருந்தால் சூடு ஏறும். அடுத்து ஃபேன். பிளாஸ்டிக் ஃபேனை முன்பின் மாற்றி மாட்ட முடியும், அப்படி மாட்டினாலும் அது காற்று தள்ளும், ஆனால் பாதி அளவுதான். தெர்மோஸ்டாட் வழக்கமாக 82 டிகிரி. அதை எடுத்துவிட்டு ஓட்டும் யோசனை வேண்டாம். ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். அங்கே டைமிங்கைத் திருகிக்கொண்டிருப்பது வீண்.

மீட்டரையும் அப்படியே நம்பாதீர்கள். பெட்ரோல் மீட்டர் எப்போதும் நிறையக் காட்டினால் டாஷுக்குப் பின்னால் இருக்கும் வோல்டேஜ் ஸ்டெபிலைசருக்கு எர்த் இல்லை. 10 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போகிறது.

ஆயில்

ஆயில் பிரஷர் சதுர அங்குலத்துக்கு ஓடும்போது 50 முதல் 80 பவுண்ட், சூடான ஐட்லிங்கில் 10 முதல் 25 பவுண்ட் இருந்தால் நிம்மதியாக இருங்கள். 20டபிள்யூ-50 தான் ஊற்ற வேண்டும், நவீன மெல்லிய ஆயில் ஆகாது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் பிரஷர் ஏறத் தாமதித்தால், ஃபில்டர் தலைகீழாக நிற்கும் எஞ்சின்களில் இரவெல்லாம் ஆயில் வடிந்துவிடுகிறது. திருப்பி விடாத வால்வு உள்ள ஃபில்டரைப் போடுங்கள். எஞ்சினின் பின்முனையில் சொட்டு கண்டதும் எஞ்சினை இறக்கப் போகாதீர்கள். முதலில் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறதா பாருங்கள். உள்ளே அழுத்தம் சேர்ந்தால் எந்த சீலும் ஒழுகும். 1964 வரையிலான மூன்று பேரிங் எஞ்சினில் பின்னால் ரப்பர் சீலே கிடையாது. அது கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும். அட்டையை விரித்துவிட்டுப் போய்த் தூங்குங்கள்.

லைட் மங்கல், இண்டிகேட்டர் போட்டால் வேறு விளக்கு சிமிட்டுகிறது

இந்த வண்டியின் மின்பாகங்களைச் செய்த லூக்கஸ் கம்பெனியை 'இருட்டின் இளவரசன்' என்று கிண்டல் செய்வது வழக்கம். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. பெரும்பாலும் தவறு லூக்கஸுடையது அல்ல, பெயிண்ட்டுடையது. ஒரு விளக்கு சிமிட்டும்போது பக்கத்து விளக்கும் சேர்ந்து சிமிட்டினால், எர்த் கிடைக்காமல் கரண்ட் அடுத்த பல்ப் வழியாகத் திரும்புகிறது. கறுப்பு வயரைத் துரத்துங்கள். பிரேக் லைட், இண்டிகேட்டர், வைப்பர், பெட்ரோல் மீட்டர் எல்லாம் ஒன்றாக நின்றால் பச்சை வயருக்கான ஃபியூஸ். ஹாரன் மட்டும் போனால் ஊதா. முன்பக்க வயர்கள் சேரும் தோட்டா வடிவ இணைப்புகளை உருவி, தேய்த்து, கிரீஸ் தடவி மாட்டினால் பாதி வியாதி போய்விடும்.

பிரேக் பெடல் ஆழமாகப் போகிறது, ஒரு பக்கம் இழுக்கிறது

பிரிட்டனில் 40 வயது கடந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிக்கு 2018 மே முதல் எம்ஓடி என்ற வருடாந்திர தகுதிச் சோதனை கட்டாயமில்லை. சட்டம் விட்டுவிட்டது என்பதற்காக நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

எத்தனை முறை பிளீட் செய்தாலும் (அதாவது குழாயிலிருந்து காற்றை வெளியேற்றினாலும்) பெடல் பஞ்சாகவே இருந்தால், முன் காலிபரில் பிளீட் நிப்பிள் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பாருங்கள். இடது வலது மாற்றி மாட்டினால் நிப்பிள் கீழே வந்துவிடும், காற்று மேலேயே தங்கும், ஒரு வாளி பிரேக் ஆயில் ஊற்றினாலும் போகாது. பெடல் ஆழம் ஆனால் கெட்டி என்றால் பின் டிரம்மின் ஷூ தள்ளி நிற்கிறது. பின்தட்டில் இருக்கும் சதுரத் தலையைச் சக்கரம் பூட்டும் வரை திருகி, சக்கரம் சுற்றும் வரை மட்டும் தளர்த்துங்கள்.

ஒரு சக்கரம் பிடித்துக்கொண்டு விடவில்லையா? நிப்பிளைத் திறங்கள். உடனே சக்கரம் விட்டால் ஹோஸ் உள்ளுக்குள் ஊதி அடைத்திருக்கிறது. வெளியே பார்க்கப் புதுசு போலவே இருக்கும்.

கிளட்ச் பெடல் மிதித்தும் கியர் உறுமினால், கீழே ஸ்லேவ் சிலிண்டரின் தண்டு சுமார் அரை அங்குலம் நகர்கிறதா பாருங்கள். நகர்ந்தால், நெடுநாள் நிறுத்தி வைத்ததில் கிளட்ச் பிளேட் ஒட்டியிருக்கும். நகரவில்லை என்றால் பெடலில் இருக்கும் பின் முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கும், அல்லது காற்று. மேலிருந்து பிளீட் செய்து சலித்தவர்கள் கீழிருந்து மேலே தள்ளுங்கள்: முன் பிரேக் நிப்பிளிலிருந்து கிளட்ச் நிப்பிளுக்கு ஒரு குழாய் போட்டு, இரண்டையும் திறந்து, பிரேக்கை மெதுவாக மிதித்தால் ஆயில் கீழிருந்து ஏறிக் காற்றைத் தள்ளிவிடும். காலை எடுக்கும் முன் பிரேக் நிப்பிளை மூட மறக்காதீர்கள்.

ஓவர்டிரைவ் விழவில்லை

ஓவர்டிரைவ் என்பது வேகமாக ஓடும்போது எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர். எஞ்சின் ஆஃப், இக்னிஷன் ஆன், நாலாவது கியர், ஓவர்டிரைவ் சுவிட்ச் ஆன். கியர்பாக்ஸ் பக்கம் ஒரு சொடுக்குச் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் மஞ்சள் வயரும் கியர்பாக்ஸ் மேல் இருக்கும் சுவிட்சும். கேட்டும் விழவில்லை என்றால் கியர்பாக்ஸ் ஆயில் அளவு, அதற்கப்புறம் ஃபில்டர். விழுந்தது விடவில்லை என்றால் மட்டும் ரிவர்ஸ் போடவே போடாதீர்கள். உள்ளே உடைந்துவிடும், வண்டியை ஆள் வைத்துத் தள்ளுங்கள்.

கதவு சரியாக மூடவில்லை

இதற்கு எளிய மருந்து இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எம்ஜிபி-க்குத் தனி சேசிஸ் கிடையாது. திறந்த வண்டியின் முதுகெலும்பே, கதவுகளுக்குக் கீழே இரண்டு பக்கமும் நீளமாக ஓடும் 'சில்' என்ற பெட்டிதான்: வெளித்தகடு, உள்தகடு, நடுவில் ஒரு சுவர்த்தகடு, அடியில் காசில் ரெயில். குளிர்காலச் சாலை உப்பு உள்ளே புகுந்து இவற்றைத் தின்றுவிடும். வெளித்தகட்டை மட்டும் மாற்றிப் பட்டி பார்த்து விற்ற வண்டிகள் ஏராளம். கதவின் பின் இடைவெளியைப் பாருங்கள். மேலே நெருங்கிக் கீழே அகன்றிருந்தால் நடு தொய்ந்திருக்கிறது. ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கும்போது கதவு திறக்க மூட இன்னும் முரண்டு பிடித்தால் சந்தேகமே இல்லை. கீல்களுக்கு அடியில் ஷிம் சேர்த்து ஏமாற்றலாம், ஆனால் இடைவெளி மறுபடி மாறும். சில்லை வெட்டி, கதவைத் தொங்கவிட்டபடியே, வாசலுக்குக் குறுக்கே கம்பி பற்றவைத்து அளவைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம் முடித்தபின் மறுபக்கம் என்று மறுபடி வெல்டிங் செய்வதுதான் வழி.

ஸ்டியரிங் கனம், சக்கரத்தில் 'டொக்'

திருப்பிய பிறகு ஸ்டியரிங் தானாக நேராகவில்லை என்றால் முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னுக்கு கிரீஸ் போகவில்லை. சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு கிரீஸ் அடியுங்கள். பாரம் இருக்கும்போது அடித்தால் போக வேண்டிய இடத்துக்குப் போகாது.

ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் விட்டாலும் பின்னால் 'டொக்' என்றால் ஸ்போக் வீலின் உட்பற்களைப் பாருங்கள். கூர்மையாகத் தேய்ந்திருந்தால் வீல் போய்விட்டது. இங்கே இன்னொரு ஆபத்தும் உண்டு. வீலைப் பிடிக்கும் நடு நட்டு இடது பக்கம் வழக்கமான மரை, வலது பக்கம் எதிர் மரை. வண்டி முன்னோக்கிப் போகும்போது சக்கரம் சுற்றும் திசையில் தட்டினால் கழல வேண்டும். ஆக்ஸிலைப் பிரித்துச் சேர்த்தவர்கள் ஹப்பை இடம் மாற்றிவிட்டால் நட்டு ஓட ஓடத் தானாகக் கழலும். மாட்டி முடித்ததும் கையால் திருகிப் பார்த்து உறுதி செய்யுங்கள். முதல் பத்து கிலோமீட்டர் ஓட்டியபின் செம்புச் சுத்தியலால் மறுபடி ஒரு முறை இறுக்குங்கள். புது வீலைத் தேய்ந்த ஹப்பில் மாட்டினால் வீலையும் அது தின்றுவிடும், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.